இதழியலை இளநிலைப் பட்டமாகப் படிப்பதா, வேறு பாடம் படித்துவிட்டு வருவதா?

பத்திரிகையாளர் ஆவது என்று பள்ளி இறுதி வகுப்பிலேயே தீர்மானித்துவிட்ட மாணவர்களின் வீடுகளில் எழும் வாதம் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறது. பள்ளி முடிந்த கையோடு ஊடகம், இதழியல் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்கிறார் மகள். முதலில் பொருளாதாரமோ சட்டமோ படி, எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் பெற்றோர். செய்தித் துறையில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட சித்தப்பா ஒருவர் வந்து, இந்த வேலைக்குப் படிப்பே தேவையில்லை, வந்து உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் பிடிபட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூவர் சொல்வதிலும் உண்மை இருப்பதால்தான் அந்தக் குடும்பம் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறது.

செய்தி மேசையில் புதியவர்களின் காப்பியை, அதாவது அவர்கள் எழுதித் தரும் செய்தி வரைவைத் திருத்தும் வேலையில் நான் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். மூன்று வழிகளிலும் வந்தவர்களோடு பணியாற்றியிருக்கிறேன். எந்த வழியில் சென்றால் நீங்கள் எழுதியதை வாரந்தோறும் ஒருவர் திருத்திக் கையில் கொடுப்பார் என்பதுதான் முதற்கேள்வி என்றும், பட்டத்தின் பெயர் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும் என்றும் அந்த அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள ஒப்பீடு அந்த நம்பிக்கையிலிருந்தே எழுதப்படுகிறது.

## நூறாண்டுப் பழைய கேள்வி

இந்தக் குழப்பம் நம் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகம் 1908-இல் இதழியலுக்கென்று தனிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் தலைவர் வால்டர் வில்லியம்ஸ், மாணவர்களின் கையில் ஒரு உண்மையான ஊர்ப் பத்திரிகையையே கொடுத்து, அதை நடத்துவதையே பாடமாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர், பத்திரிகையாளர் பிறப்பிலேயே அமைய வேண்டும், படித்து வராது என்று வாதிட்டவர்களுக்கு மறுப்பாக 1904-இல் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். இதழியல் கல்விக்காக அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு, அவர் மறைந்த மறு ஆண்டான 1912-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. வில்லியம்ஸ், புலிட்சர் இருவருமே கல்லூரிக்குப் போகாமல், அச்சுக்கூடத்திலும் செய்தியறையிலும் தொழில் கற்றவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. படிக்காமலேயே வந்துவிட முடியும் என்பதைத் தம் வாழ்க்கையிலேயே காட்டியவர்கள், அடுத்து வருபவர்கள் அப்படி வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

அதன்பின் நடந்தது நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. மிசூரி இன்றுவரை இளநிலைப் பட்டத்தில் இதழியல் கற்பிக்கிறது. இளநிலை மாணவர்களோடு தொடங்கிய கொலம்பியாவோ, ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களையே சேர்த்துக்கொள்வது என்று 1935-இல் மாறிவிட்டது. ஒரே நாட்டில், ஒரே நோக்கத்தோடு, நான்கு ஆண்டு இடைவெளியில் தொடங்கிய இரண்டு பள்ளிகள் இரண்டு வேறு விடைகளுக்கு வந்து சேர்ந்தன. இரண்டிலிருந்தும் நல்ல பத்திரிகையாளர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

## எடைபோட எடுத்துக்கொள்ளும் அளவுகோல்கள்

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, கைப்பயிற்சி: படிக்கும் காலத்தில் எத்தனை செய்திகளை எழுதுவீர்கள், அவற்றில் எத்தனை திருத்தப்படும், எத்தனை வெளியாகும் என்பது. இரண்டாவது, பாட அறிவு: எதைப் பற்றி எழுதப் போகிறீர்களோ அதை எவ்வளவு ஆழமாக அறிந்திருப்பீர்கள் என்பது. மூன்றாவது, சட்டமும் அறமும்: அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, தனியுரிமை, தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்காமை ஆகியவற்றை யார், எப்போது கற்றுத்தருவார்கள் என்பது. நான்காவது, காலமும் பணமும்: கட்டணப் பட்டியலில் தெரியும் செலவோடு அதில் தெரியாத செலவையும் சேர்த்தது. ஐந்தாவது, திரும்பும் வழி: மூன்று ஆண்டுகள் கழித்து இந்த வேலை எனக்கு ஒத்துவரவில்லை என்று தோன்றினால், கையில் இருக்கும் படிப்பு வேறு எங்கே கொண்டுசெல்லும் என்பது. பதினேழு வயதில் ஐந்தாவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பெற்றோர் அதை மட்டுமே யோசிக்கிறார்கள்.

## சேரும் முன் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்

இதழியல், ஊடகவியல், தொடர்பியல், மாஸ் கம்யூனிகேஷன், விஷுவல் கம்யூனிகேஷன் என்று பல பெயர்களில் பட்டங்கள் இருக்கின்றன. ஆனால் பெயரைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சில பட்டங்களில் ஊடகத்தைப் பற்றிப் படிப்பீர்கள்: தொலைக்காட்சி பார்வையாளரை எப்படி மாற்றுகிறது, விளம்பரம் எப்படி இயங்குகிறது, ஊடக உரிமை யார் கையில் இருக்கிறது போன்ற ஆய்வுகள் அவற்றில் முதன்மை பெறும். அது மதிப்புள்ள சமூக அறிவியல் படிப்புதான், ஆனால் ஒரு செய்தி எழுதக் கற்றுத்தரும் என்று எதிர்பார்த்துச் சேர்ந்தவர் ஏமாந்துபோவார். வேறு சில பட்டங்களில் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் வரைகலையும்தான் பெரும்பகுதி. மிகச் சிலவற்றில்தான் செய்தி சேகரிப்பது, சரிபார்ப்பது, எழுதுவது, திருத்துவது ஆகியவை மூன்று ஆண்டுகளுக்கும் தொடர்கின்றன. ஆகவே, முதல் ஆண்டு முதல் இறுதி ஆண்டு வரையிலான பாடத்திட்டத்தை வாங்கி, செய்தி எழுதும் தாள்கள் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒன்றோ இரண்டோதான் தேறுகின்றன என்றால், நீங்கள் சேரப்போவது இதழியல் பட்டத்தில் அல்ல.

## முதல் வழி: இளநிலையிலேயே இதழியல்

இந்த வழியின் பெரிய பலம், தவறு செய்யக் கிடைக்கும் மூன்று ஆண்டுகள். செய்தியறையில் தவறு செய்தால் அது மறுநாள் அச்சில் வரும், வழக்கும் வரலாம். கல்லூரியில் அதே தவறு சிவப்பு மையோடு திரும்பி வரும். அந்தச் சிவப்பு மை எவ்வளவு பெறுமானமுள்ளது என்பதைக் காட்ட ஒரு காப்பியை இங்கே எடுத்துப் பார்க்கிறேன்.

முதல் மாதப் பயிற்சியாளர் ஒருவர் எழுதித் தந்தது இது: "நேற்றிரவு 11 மணியளவில் கிடங்கு ஒன்றில் தீ விபத்து ஏற்பட்டதாகத் தகவல் கிடைத்ததையடுத்து, தீயணைப்பு வீரர்கள் சம்பவ இடத்துக்கு விரைந்து சென்றனர்." இரண்டாம் பத்தியில் எத்தனை வண்டிகள் வந்தன என்றும், மூன்றாவதில் தீ எப்போது அணைந்தது என்றும் எழுதியிருந்தார். ஐந்தாம் பத்தியின் கடைசி வாக்கியத்தில்தான், "கதவு வெளியே பூட்டியிருந்ததால் உள்ளே உறங்கிய காவலாளிகள் இருவர் உயிரிழந்தனர்" என்று இருந்தது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருந்தார். புதிதாக எழுதும் எல்லோருமே அப்படித்தான் எழுதுவார்கள்.

முதல் திருத்தம், இருவரின் மரணத்தை ஐந்தாம் பத்தியிலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவருவது. அது எளிது, ஒருமுறை சொன்னால் புரிந்துவிடும். இரண்டாம் திருத்தம்தான் கடினமானது. கதவு பூட்டியிருந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டபோது, அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்றார். அக்கம்பக்கத்தார் யாராவது நேரில் பார்த்தார்களா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. "பூட்டியிருந்ததால் உயிரிழந்தனர்" என்று எழுதினால், கிடங்கின் உரிமையாளரே அவர்களைக் கொன்றார் என்று பத்திரிகை தன் பொறுப்பில் சொல்வதாகிவிடும். "பூட்டியிருந்ததாக அக்கம்பக்கத்தார் கூறினர்" என்று மாற்றுவதும் போதாது, ஏனென்றால் பிறர் சொன்ன அவதூறை எடுத்து வெளியிடுவதும் அவதூறாகவே கருதப்படக்கூடும். தீயணைப்புத் துறையிடமும் காவல் துறையிடமும் கேட்க வேண்டும், உரிமையாளரின் பதிலையும் வாங்க வேண்டும், அவர் பேச மறுத்தால் மறுத்தார் என்று எழுத வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு சொல்லைச் சுற்றி நடந்த உரையாடல். நல்ல இதழியல் துறையில் இது வாரந்தோறும் நடக்கும். மூன்று ஆண்டுகள் இப்படித் திருத்தப்பட்ட ஒருவர் செய்தியறைக்குள் நுழையும்போது, கேட்க வேண்டிய கேள்விகள் அவருக்குத் தாமாகவே தோன்றும்.

இந்த வழியின் பலவீனம் பாட அறிவில் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று நன்றாகத் தெரிந்த பட்டதாரிக்கு எதைப் பற்றி எழுதுவது என்பதில் பிடிப்பு இல்லாமல் போகிறது. நீதிமன்றம், மருத்துவம், வங்கி, சுற்றுச்சூழல் என்று எந்த பீட்டைக் (செய்தியாளர் தொடர்ந்து கவனிக்க வேண்டிய துறையை) கொடுத்தாலும் அவர் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறையைத் துறை நெடுநாளாகவே உணர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இதழியல் பட்டங்களில் குறைந்தது பாதிப் பாடங்களாவது இதழியலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அதனால்தான். யுனெஸ்கோ 2007-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் தொழிற்பயிற்சி, இதழியல் பற்றிய ஆய்வு, கலை மற்றும் அறிவியல் பாடங்கள் என்று மூன்று இழைகளைச் சேர்த்துத்தான் பின்னப்பட்டது. உங்கள் கல்லூரியின் பாடத்திட்டத்தில் மூன்றாவது இழை இருக்கிறதா என்று பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது இன்டர்ன்ஷிப். ஊதியம் இல்லாமல் அல்லது பயணச் செலவுக்குக்கூடப் போதாத தொகைக்கு இரண்டு மூன்று மாதங்கள் வேறு ஊரில் தங்கி வேலை செய்ய வேண்டியிருக்கும். வீட்டிலிருந்து பணம் அனுப்ப முடிந்தவருக்குப் பெரிய நிறுவனத்தில் இடம் கிடைப்பதும், முடியாதவர் அருகில் கிடைத்ததோடு நின்றுவிடுவதும் இந்தத் துறையின் வேதனையான உண்மை. கட்டணத்தைக் கணக்கிடும் பெற்றோர் இந்தத் தொகையையும் அதே தாளில் எழுத வேண்டும். கேமராவும் மடிக்கணினியும் கல்லூரி தருமா, நீங்களே வாங்க வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் கற்ற மென்பொருள் நீங்கள் வெளியே வரும்போது மாறியிருக்கும் என்பதால், கருவிப் பயிற்சியை மட்டும் நம்பி அதிகக் கட்டணம் செலுத்துவதில் பொருளில்லை.

திரும்பும் வழியைப் பொறுத்தவரை இந்தப் பட்டம் பலர் அஞ்சுவதைப்போல மோசமானதல்ல. பொதுத் தொடர்பு, விளம்பரம், தன்னார்வ அமைப்புகளின் தகவல் பணி, பதிப்பகம், நிறுவனங்களின் சமூக ஊடகப் பிரிவு ஆகியவை விரைவாகவும் தெளிவாகவும் எழுதத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. ஆனால் எழுத்தோடு தொடர்பில்லாத துறைகளுக்கு மாறுவது கடினம்.

## இரண்டாம் வழி: வேறு பாடத்தில் பட்டம், பிறகு இதழியல்

கல்விக்கான ஒதுக்கீடு 8 சதவீதம் உயர்ந்திருக்கிறது என்று ஒரு செய்திக்குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளாதாரம் படித்தவர் அதைக் கையில் எடுத்ததும் இரண்டு கேள்விகள் கேட்பார். விலைவாசி எவ்வளவு உயர்ந்தது என்பது முதலாவது. ஒதுக்கீடு 100-லிருந்து 108 ஆகி, விலைவாசி 9 சதவீதம் ஏறியிருந்தால், அந்த 108 சென்ற ஆண்டின் 99-க்குத்தான் சமம். இரண்டாவது கேள்வி, அந்த 100 என்பது சென்ற ஆண்டு அறிவித்த தொகையா, செலவழித்த தொகையா என்பது. அறிவித்தது 100, செலவானது 110 என்றால், 108 என்பது உயர்வே அல்ல, குறைப்பு. செய்திக்குறிப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பியவர் வாசகருக்குத் தவறான செய்தியைத் தந்துவிட்டார். செய்தி எழுதும் பயிற்சி மட்டும் பெற்ற ஒருவருக்கு இந்தக் கேள்விகள் தோன்றுவது அரிது.

பெரிய புலனாய்வுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். வெளிநாட்டு நிறுவனங்களின் பெயரில் மறைத்துவைக்கப்பட்ட சொத்துகளைப் பற்றிக் கசிந்து, 2016-இல் வெளியான பனாமா ஆவணங்களில் ஒரு கோடியே 15 இலட்சம் கோப்புகள் இருந்தன. உலகெங்கும் 370-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள் சேர்ந்து அவற்றை ஆராய்ந்தார்கள். போலி நிறுவனம் எப்படிப் பதிவாகிறது, உண்மையான உரிமையாளரின் பெயர் எந்தத் தாளில் மறைந்திருக்கும், இத்தனை கோப்புகளையும் தேடத்தக்க வடிவில் எப்படி அடுக்குவது என்று அறிந்தவர்கள் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. நிறுவனச் சட்டமும் கணக்கியலும் நிரல் எழுதுவதும் அங்கே செய்தியாளரின் கருவிகளாயின.

ஆகவே, எதைப் பற்றி எழுத வேண்டும் என்பது ஓரளவு தெரிந்தவர்களுக்கு இந்த வழியே சிறந்தது. அறிவியல் செய்திகளில் ஈடுபாடு கொண்டவர் இயற்பியலோ உயிரியலோ படித்துவிட்டு வரட்டும். நீதிமன்றச் செய்திகளில் ஆர்வம் உள்ளவர் சட்டம் படிக்கட்டும். புள்ளியியல் படித்தவருக்கு எந்தச் செய்தியறையிலும் வேலை இருக்கும். திரும்பும் வழியிலும் இதுவே முதலிடம் பெறுகிறது, ஏனென்றால் இதழியல் பிடிக்காவிட்டால் படித்த துறைக்கே சென்றுவிடலாம்.

இதன் மறைமுகச் செலவு காலம். முதுநிலைப் படிப்போ பட்டயமோ ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகும். அந்தக் காலத்துச் சம்பளமும் இழப்பில்தான் சேரும். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. மூன்று ஆண்டுகள் தேர்வுக்கு மட்டும் படித்து, செய்தி என்று ஒரு வரிகூட எழுதாமல் வருபவர்கள், முதுநிலையின் பத்து மாதங்களில் எல்லாவற்றையும் கற்றுவிட முடியாமல் திணறுகிறார்கள். கல்விக் கட்டுரையின் நடை கையில் ஏறிவிடுகிறது. முன்னுரை, பின்புலம், முந்தைய ஆய்வுகள் என்று ஏறி இறங்கி முடிவுக்கு வருவதற்குள் வாசகர் போய்விடுவார். தவிர, நல்ல முதுநிலைப் பள்ளிகளில் சேர்க்கைக்கே வெளியான எழுத்துகளைக் கேட்பதுண்டு. ஆகவே, இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் முதல் ஆண்டிலிருந்தே கல்லூரி இதழிலோ உள்ளூர்ப் பத்திரிகையிலோ எழுதத் தொடங்கிவிட வேண்டும். அது முடியாது என்றால் இந்த வழியின் பாதிப் பயன் கிடைக்காது.

## மூன்றாம் வழி: நேரே செய்தியறைக்கு

சித்தப்பா சொன்ன வழி இது. கார்ல் பெர்ன்ஸ்டீன் 16 வயதில் ஒரு நாளிதழில் எடுபிடிப் பணியாளராகச் சேர்ந்து, கல்லூரிப் படிப்பை முடிக்காமலேயே செய்தியாளரானவர். அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலை அவரோடு சேர்ந்து வெளிக்கொண்டுவந்த பாப் வுட்வர்டு, யேல் பல்கலைக்கழகத்தில் வரலாறும் ஆங்கிலமும் படித்தவர். 1970-இல் வாஷிங்டன் போஸ்ட் அவருக்கு இரண்டு வாரம் சோதனை வாய்ப்புத் தந்தது. அதில் அவர் தேறவில்லை. பக்கத்தில் ஒரு சிறு வார இதழில் ஓராண்டு எழுதிப் பழகிய பிறகே அதே நாளிதழில் வேலை கிடைத்தது. அந்த வார இதழ்தான் அவருக்கு இதழியல் பள்ளி.

இந்த வழியில் கட்டணம் இல்லை, முதல் மாதமே கையில் ஏதாவது வரும், கைப்பயிற்சிக்குக் குறைவே இருக்காது. ஆனால் எல்லாமே உங்களுக்கு வாய்க்கும் ஆசிரியரைப் பொறுத்தது. நின்று கற்றுத்தரும் ஒருவர் கிடைத்தால் எந்தக் கல்லூரியும் அதற்கு ஈடாகாது. கிடைக்காவிட்டால், ஒரே தவறைப் பத்து ஆண்டுகள் செய்துகொண்டிருப்பீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். முன்பு மூத்த உதவி ஆசிரியர்கள் புதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காப்பியைத் திருத்தினார்கள். இன்று பல செய்தியறைகளில் அந்த இருக்கைகள் குறைந்துவிட்டன, எழுதியவரே பதிவேற்றிவிடுகிறார். புதியவர்கள் கைபழகிய சிறு வேலைகளும் கணினிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அசோசியேட்டட் பிரஸ் 2014-லேயே நிறுவனங்களின் காலாண்டு இலாபச் செய்திகளைத் தானியங்கி முறையில் எழுதத் தொடங்கிவிட்டது. சித்தப்பா கற்றபோது இருந்த செய்தியறை இப்போது இல்லை என்பதை அவரிடம் மரியாதையோடு சொல்லலாம்.

சட்டம் படிக்காமல் களத்தில் இறங்குவதன் ஆபத்தை மேலே கிடங்குச் செய்தியிலேயே பார்த்தோம். பட்டம் இல்லாதது பிற்காலத்திலும் உறுத்தும்: வெளிநாட்டு வேலை அனுமதி, ஆய்வு நல்கைகள், ஆசிரியப் பணி ஆகியவற்றுக்குப் பட்டம் கேட்கப்படுகிறது. ஜெர்மனியில் 'வோலன்டாரியாட்' என்ற பெயரில், பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், சம்பளத்தோடு செய்தியறையிலேயே முறையாகப் பயிற்சி தரும் ஏற்பாடு இருக்கிறது. இந்த வழியின் மிகச் செம்மையான வடிவம் அதுதான். அங்கேயும் இப்போது பெரும்பாலோர் ஏதேனும் ஒரு பட்டத்தோடுதான் நுழைகிறார்கள். செய்தியறையில் வளர்ந்த நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவரே 1990-களில் கொலம்பியா நாட்டின் கார்த்தஹேனாவில் இளம் பத்திரிகையாளர்களுக்குப் பட்டறைகள் நடத்த ஓர் அறக்கட்டளையை நிறுவினார். செய்தியறை தானாகக் கற்றுத்தரும் என்று இருந்துவிட அவரால் முடியவில்லை.

## மூன்றையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | இளநிலை இதழியல் | வேறு பட்டம், பிறகு இதழியல் | நேரே செய்தியறை |
|---|---|---|---|
| கைப்பயிற்சி | மாணவர் இதழ் இயங்கினால் மிக நன்று. இல்லையேல் மிகக் குறைவு | கடைசி ஓராண்டில் மட்டும், நீங்களே தேடிக்கொண்டால் அதிகம் | நாள்தோறும் |
| பாட அறிவு | மேலோட்டம், துணைப் பாடத்தால் ஈடுகட்டலாம் | ஆழம் | வேலையோடு சேர்ந்து மெல்ல வரும் |
| சட்டம், அறம் | முறையாகக் கற்பிக்கப்படும் | சுருக்கமாகக் கற்பிக்கப்படும் | தவறு நேர்ந்த பின் தெரியவரும் |
| மறைமுகச் செலவு | ஊதியமில்லா இன்டர்ன்ஷிப், கருவிகள் | கூடுதல் ஆண்டுகள், இழந்த சம்பளம் | குறைந்த ஊதியத்தில் தேங்குதல் |
| திரும்பும் வழி | எழுத்து சார்ந்த துறைகள் | படித்த துறை முழுவதும் | குறுகியது |

இந்த அட்டவணையில் வராத நான்காவது வழி ஒன்றும் உண்டு. இதழியலை முதன்மைப் பாடமாகவும் பொருளாதாரம், அரசியல், புள்ளியியல் போன்ற ஒன்றைத் துணைப் பாடமாகவும், அல்லது இரண்டையும் சம அளவிலும் படிக்க அனுமதிக்கும் பட்டங்கள் இருக்கின்றன. உங்களுக்கு எட்டும் தொலைவில் அப்படி ஒன்று இருந்தால், மற்ற மூன்றையும் யோசிப்பதற்கு முன் அதற்கு விண்ணப்பியுங்கள் என்றே சொல்வேன். சுமை அதிகம்தான், ஆனால் முதல் வழியின் குறையையும் இரண்டாவதன் குறையையும் ஒரே காலத்தில் தீர்ப்பது அதுதான்.

## யாருக்கு எது

பள்ளிக்காலத்திலேயே எழுதிக்கொண்டிருந்தவர், ஊர் விவகாரங்களை விசாரித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர், ஆனால் இன்ன துறை என்று மனம் ஒன்றில் நிற்காதவர் ஆகியோருக்கு இளநிலை இதழியல் பொருந்தும். வீட்டில் யாரும் செய்தித் துறையில் இல்லாத, அங்கே யாரையும் அறியாத முதல் தலைமுறை மாணவருக்கும் இதையே பரிந்துரைப்பேன். அறிமுகங்கள் இருப்பவருக்கு மற்ற வழிகளில் கதவு தானே திறக்கும். இல்லாதவருக்கு ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும்தான் கதவைத் திறந்துவிடுகிறார்கள். கட்டணத்துக்கு ஈடாகக் கிடைப்பவற்றில் இது கண்ணுக்குத் தெரியாத பெரும்பங்கு.

ஒரு பாடத்தின்மீது உண்மையான பற்று உள்ளவர், அல்லது இந்தத் தொழிலில் நீடிப்போமா என்று உறுதியாகத் தெரியாதவர், இரண்டாம் வழியில் செல்லட்டும். குடும்பச் சூழல் காரணமாக உடனே சம்பாதிக்க வேண்டியவருக்கு மூன்றாவதே நடைமுறைக்கு உகந்தது. அவர் வேலையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் ஏதேனும் ஒரு பட்டத்தை முடித்துவிட வேண்டும் என்பதையும், ஊடகச் சட்டம் பற்றிய குறுகிய காலப் பயிற்சி ஒன்றை முதல் ஆண்டிலேயே பெற்றுவிட வேண்டும் என்பதையும் மட்டும் வலியுறுத்துவேன்.

எந்தப் படிப்பு பெரிய விருதுகளுக்குக் கொண்டுசெல்கிறது என்று பார்த்து முடிவெடுக்க நினைப்பவர்களும் உண்டு. 2015-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஸ்வெட்லானா அலெக்சியேவிச் பெலாரஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். 2021-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பத்திரிகையாளர்களில் மரியா ரெஸ்ஸா ஆங்கில இலக்கியம் படித்தவர், டிமித்ரி முராத்தோவ் மொழியியல் சார்ந்த பட்டம் பெற்றவர். இந்தக் கணக்கு எந்தப் பக்கத்துக்கும் உதவாது.

## துறையிடம் கேட்க வேண்டியவை

இளநிலை இதழியல் என்று முடிவாகிவிட்டால், கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான தேர்வு. ஸ்டூடியோவையும் புதிய கேமராக்களையும் காட்டுவார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, மாணவர்கள் நடத்தும் இதழின் கடைசி மூன்று பதிப்புகளைக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பளபளப்பாக வரும் மலரைக் காட்டினால் அது போதாது. வாரமோ மாதமோ, குறித்த நாளில் வெளியாகும் ஒன்று வேண்டும், ஏனென்றால் டெட்லைன் இல்லாமல் இதழியல் பழக முடியாது. அதில் கல்லூரி விழாக்கள் மட்டும் இருக்கின்றனவா, வெளியே சென்று நான்கு பேரைக் கேட்டு எழுதிய செய்திகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்லூரி நிர்வாகத்துக்குச் சங்கடம் தரக்கூடிய ஒரு செய்தியாவது இருந்தால் அது மிக நல்ல அறிகுறி.

ஆசிரியர்களில் எத்தனை பேர் செய்தியறையில் பணியாற்றியவர்கள், ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்கள் என்றும் கேளுங்கள். அறுபது பேர் எழுதியதை ஒருவர் வாரந்தோறும் வரிவரியாகத் திருத்த முடியாது. பதினைந்து இருபது பேர் என்றால் முடியும். சுருக்கெழுத்து கற்பிக்கிறார்களா என்பது பழங்காலக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பிரிட்டனில் 1951 முதல் இயங்கும் பத்திரிகையாளர் பயிற்சி மன்றம் நிமிடத்துக்கு 100 சொற்கள் என்ற வேகத்தை நெடுங்காலமாக அளவாக வைத்திருந்தது. ஒலிப்பதிவுக் கருவிக்கு அனுமதி இல்லாத நீதிமன்றத்தில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு அதன் காரணம் தெரியும்.

கடைசியாக, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே சந்தித்து, சென்ற மாதம் அவர் எழுதித் திருத்தப்பட்டு வந்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளின் ஓரங்களில் கேள்விகள் நிறைந்திருந்தால் சேரலாம். மதிப்பெண் மட்டும் போட்டிருந்தால், அல்லது காட்டுவதற்கு அப்படி ஒரு தாளே அவரிடம் இல்லை என்றால், அந்த ஆண்டின் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொருளாதாரத் துறையின் விண்ணப்பத்தை வாங்குங்கள்.